நெத்தி டாக்டர் கேட்ட கேள்வி

திருவண்ணாமலையில் விபூதி பூசிவிட்டுப் பெயர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அழித்துவிட்டுப் பெயர் வாங்கியவர் ஒரே ஒருவர்தான். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் மருத்துவமனைப் பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. ஊருக்கு அவர் நெத்தி டாக்டர்.

அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பது அவர் வேலை. அதே மருத்துவமனையில் நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நோயாளியை எந்த வாசல் வழியாக உள்ளே விட வேண்டும், எந்த வாசல் வழியாக வெளியே அனுப்ப வேண்டும் என்ற முறையெல்லாம் எனக்கு மனப்பாடம். இரண்டாவது வாசல் சில சமயம் கட்டடத்தின் பின்பக்கம், பிணவறையை ஒட்டி இருக்கும்.

டாக்டரிடம் ஒரு கருவி இருந்தது. நோயாளியின் நெற்றியில் ஒரு பட்டையை ஒட்டினால், மூளையின் மின் அலைகளைப் படித்துத் திரையில் ஓர் எண்ணைக் காட்டும். எண் நூற்றை நெருங்கினால் ஆள் விழித்திருக்கிறார். நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே இருந்தால் கத்தி வைக்கலாம். நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்து மிச்ச நேரத்தில் செல்போன் பார்ப்பவர்கள் உண்டு. இவர் மிச்ச நேரத்தில் அந்த எண்ணைப் பார்ப்பார். அதுவும் பிள்ளையின் பரீட்சை முடிவைப் பார்க்கும் முகத்தோடு.

பட்டை ஒட்ட நெற்றி சுத்தமாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் நடக்கிற காரியமா அது? ஆபரேஷன் என்றதும் வீட்டில் ஒருவர் கோயிலுக்கு ஓடுவார். தள்ளுவண்டி தியேட்டர் வாசலைத் தொடும் நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு கை நீண்டு, நோயாளியின் நெற்றிக்கு வெள்ளையடித்துவிடும். பட்டை ஒட்டாது, எண் கன்னாபின்னாவென்று குதிக்கும். ஆகவே டாக்டர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சோடு வாசலிலேயே நிற்பார்.

ஒருமுறை ஒரு அம்மாள் வண்டியை மறித்துக்கொண்டார்.

"இன்னா சார், நான் பூசப் பூச நீங்க தொடைக்கிறீங்க? அண்ணாமலையார் விபூதி சார். அதெ எடுத்துட்டா என் மவனுக்கு யாரு பொறுப்பு?"

"நான்தாம்மா."

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களெ நம்பியா?"

"பொட்டலத்த எங்கிட்ட குடுங்க. கண்ணு தொறந்ததும் நானே பூசி உடறேன்."

சொன்னபடி பூசியும் விடுவார். அவர் கோட்டுப் பை நிறைய விபூதிப் பொட்டலங்கள். அவர் சாமி கும்பிட்டு மட்டும் யாரும் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் காரணம் ஒரு கடலை விவசாயி. கருவி வருவதற்கு முன்பு, கீழ்பென்னாத்தூரிலிருந்து குடல்வால் ஆபரேஷனுக்கு வந்தவர். மயக்கம் தெளிந்ததும் சர்ஜனைக் கூப்பிட்டு அக்கறையாகச் சொன்னார்: "சார், வேங்கிக்கால்ல பிளாட்டு பாத்து வெச்சிருக்கேன்னீங்களே, அது தாழ்வான எடம். மழைக்கு தண்ணி நிக்கும். வாங்காதீங்க."

சர்ஜன் அந்த மனையைப் பற்றிப் பேசியது, அவர் வயிற்றைத் திறந்து வைத்திருந்தபோது.

"எல்லாத்தியும் கேட்டுக்கினுதான் இருந்தேன் சார். அறுக்கறதும் தெரிஞ்சிது. வெரலக்கூட ஆட்ட முடியல."

தசைகளைத் தளர்த்தும் மருந்து செய்த வேலை அது. உடம்பு மரக்கட்டையாகக் கிடக்கும். உள்ளே ஆள் விழித்திருந்தாலும் வெளியே தெரியாது. மனை விஷயத்தைச் சொல்லி நாங்கள் பாதிப் பேர் சிரித்தோம். அன்று மயக்க மருந்து கொடுத்த நம் டாக்டர் அதற்குப் பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை. நிர்வாகத்தை நச்சரித்துக் கருவியை வாங்க வைத்தார். சர்ஜன் மனையை வாங்கவில்லை.

அன்றிலிருந்து நோயாளிகள் வீடு திரும்பிய பிறகும் டாக்டர் விடுவதில்லை. பஸ் ஏறி ஊர் ஊராகப் போவார். "தூங்கறதுக்கு முன்னால கடைசியா என்ன ஞாபகம்? முழிச்சதும் மொதல்ல என்ன ஞாபகம்? நடுவுல எதுனா?" என்று கேட்பார். டாக்டரே வீடு தேடி வந்தால் சனம் என்ன நினைக்கும்? "உள்ள எதுனா வெச்சி தெச்சிட்டாங்களா சார்?" என்று ஒரு குடும்பமே அழுது, பெரியவரை வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது.

பிறகு என் வீட்டின் முறை வந்தது. என் மனைவி சரசாவுக்குப் பெருங்குடலில் கட்டி. கடலை விவசாயியின் கதை அவளுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

"செத்துப் போறது பரவால்ல டாக்டர். முழிச்சிக்கினு கெடக்கக் கூடாது," என்றாள்.

மிஷின் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். இவர், "மிஷினும் தப்பு பண்ணும்மா. நான் பக்கத்துலயே இருப்பேன்," என்றார். நோயாளிக்குத் தைரியம் சொல்லும் முறையில் இது சேராது. ஆனால் அவள் உடனே நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். நான் வெளியே உட்கார்ந்தேன். முறைகள் எல்லாம் தெரிந்தவன் வெளியே உட்காருவது தனிக் கொடுமை. உள்ளே எது எப்போது தவறலாம் என்பது வரிசையாகத் தெரியும்.

கண் திறந்ததும் அவளுக்கு விபூதி பூசிவிட்டுக் கேட்டார். "நடுவுல எதுனா?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

அதற்குப் பிறகு வியாழன் தோறும் வீட்டுக்கு வந்து அதையே கேட்டார். அவளும் அதையே சொன்னாள். கட்டி மறுபடி வளர்ந்தது. படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள்:

"நடுவுல ஒண்ணு கேட்டுதுங்க. 'பக்கத்துலதான் இருக்கேன்'னு அவரு சொன்னாரு. வலியெல்லாம் இல்ல. அவரு கொரல் மட்டும். அவருகிட்ட சொல்லிடாதீங்க. மனுஷன் ஒடஞ்சி பூடுவாரு."

அது நடுவிலா, மயக்கம் தெளிகிற நேரத்திலா என்று எனக்குத் தெரியாது. எந்தக் கருவிக்கும் தெரியாது.

அவள் போன அன்று, கூடத்தில் கிடத்தியிருந்தபோது டாக்டர் வந்தார். பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவள் நெற்றியில் பூசினார். பழக்கம் போல வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார்.

இப்போதும் வியாழக்கிழமைகளில் வருகிறார். காபி குடித்து முடித்து, கேட்க வேண்டாம் என்று நினைத்தவர் போலக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் கேட்கிறார்.

"அம்மா எதுனா சொன்னாங்களா சார்? பின்னால, எப்பனா?"

"ஒண்ணுமில்ல டாக்டர். நல்லா தூங்கினாளாம்."

அவர் பத்திரிகை எதுவும் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். என் பதிலை அவர் நம்புகிறாரா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. எனக்கு அவர் நெற்றியைப் படிக்கத் தெரியாது. அவர் எழுந்து செருப்பை மாட்டும்போது நான் ஒன்று கேட்கிறேன்.

"அடுத்த வியாழனும் வருவீங்க இல்ல?"