பூட்டிய பெட்டிக்குள் கடிபட்ட கொய்யா

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு நடு அறையில் கூடியிருந்தவர்கள் வருமாறு: கதவை ஒட்டிய நாற்காலியில் வீட்டுக்காரர் நஜ்முதீன், குளச்சலில் கருவாட்டு வியாபாரி. எதிரே பாயில் மனைவி சபூரா. அவள் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்தபடி மகள் மெஹ்ருன்னிசா. சன்னலோரம், தேவைப்பட்டால் வெளியே குதித்துவிடக்கூடிய தூரத்தில், சபூராவின் தம்பி ஹனீபா. நடுவில் பித்தளைத் தட்டு. தட்டில் கடிபட்ட கொய்யாக்காய். கடித்த இடத்தில் ரத்தம்.

"பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுனது," என்றார் நஜ்முதீன். "சாவி எனக்க இடுப்புல. பூட்டு ஒடயல்ல. பின்ன யாரு கடிச்சா?"

பல்லைக் காட்ட அங்கே யாருக்கும் துணிவில்லை.

கொய்யா அந்த வீட்டுக்குள் வந்ததே ஈறு வைத்தியத்துக்குத்தான். நஜ்முதீனுக்குப் பல் விளக்கினால் ரத்தம். முறுக்கைக் கடித்தால் ரத்தம். ஆஸ்பத்திரியில், அஞ்சல்காரன் சிலுவை உட்பட வரிசையில் நின்ற எல்லோரும் கேட்க, டாக்டர் கண்டித்திருந்தார். கருப்பட்டியையும் அலுவாவையும் குறைக்கவேண்டும். கொய்யா, நெல்லிக்காய், முருங்கைக்கீரை, முள்ளோடு நெத்திலி இவற்றை நன்றாக மென்று தின்னவேண்டும். ஈறு தானாக இறுகும்.

"கொய்யாக்கா அணிலுக்க தீனி," என்று சொல்லிவிட்டு நஜ்முதீன் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சுக்குக் காப்பி குடித்தார்.

"உறக்கத்துலயும் வாயி சவச்சிட்டே கெடக்கு. அதையாவது டாக்டருட்ட சொன்னியளா?" என்றாள் சபூரா.

"போடி, உனக்கு வேற சோலி இல்ல."

சபூரா விடவில்லை. தினம் ஒரு காயை அவர் கண்ணில் படும்படி வைத்தாள். அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆனால் மதியச் சோறுண்டு வீடே உறங்கி எழுந்தால், காயில் பாதிதான் இருந்தது.

வௌவால் என்றார்கள். பட்டப்பகலில் ஏது வௌவால்? உறியில் உயரத் தூக்கிக் கட்டினார்கள். எழுந்து பார்த்தபோது காற்றில்லாத அறையில் உறி மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, காயில் கடி. அதன் பிறகுதான் நஜ்முதீனின் கட்டிலடியில் இருந்த தேக்குப் பெட்டி, பூட்டு, சாவி. அதற்குள்ளும் இப்போது கடி.

"எனக்கொண்ணு தோணுது மச்சான்," என்றான் ஹனீபா. "அரிசிமாவு பெசஞ்சு எல்லாரும் ஒரு கடி கடிப்போம். எந்தப் பல்லு ஒத்து வருதுன்னு பாத்திரலாம்."

மாவு வந்தது. மூவரும் கடித்தார்கள். ஹனீபாவுக்குக் கோணல் பல். சபூராவின் தடத்தில் வெற்றிலைக் கறை. மெஹ்ருன்னிசாவின் கடி, எலி கடித்த மாதிரி.

"நீங்க கடிக்கல்லியா?" என்றாள் சபூரா.

"நீதி சொல்லுகவன் கடிப்பானாட்டி?"

மூன்றும் ஒத்து வரவில்லை. கொய்யாவில் பதிந்திருந்த வாய் பெரிய வாய். நஜ்முதீன் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"இவ்வளவு பெரிய வாயி எங்க வாப்பாக்குத்தான் உண்டு," என்றார்.

வாப்பா மவுத்தாகி, அடக்கம் செய்து பல வருஷம்.

"வாப்பா, ஒண்ணு பாத்தியளா?" என்றாள் மெஹ்ருன்னிசா. "மொத நாளு ரத்தம் நெறய இருந்துச்சு. நாளுக்கு நாளு கொறஞ்சு, இன்னிக்கு ஒரு சொட்டுதான் கெடக்கு."

"அதுக்க ரத்தம் தீருது," என்றான் ஹனீபா, ஒரு காலைச் சன்னலுக்கு வெளியே போட்டபடி. "தீந்தா நம்மகிட்டல்லா வரும்!"

நஜ்முதீன் எழுந்தார். மையும் பேனாவும் எடுத்தார். மெஹ்ருன்னிசாவின் நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை வந்து தங்கவேண்டிய வீடு இது. தேங்காய்ப்பட்டணம் சம்பந்தி சேக் மைதீனுக்கு, கொல்லம் 1108 என்று ஆண்டு போட்டு, காரணங்களை வரிசைப்படுத்தி எழுதினார்: வீட்டில் மவுத்தான வாப்பாவின் நடமாட்டம் இருப்பதால் நிக்காஹ் தள்ளிவைக்கப்படுகிறது.

"வேண்டாம் வாப்பா," என்று மெஹ்ருன்னிசா அழுதாள். "ரெண்டு தடவ தள்ளியாச்சு. இனியும் தள்ளுனா அவங்க வேற எடம் பாப்பாங்க."

"உயிரு பெருசா, மாப்பிள பெருசா?"

தெருவில் அஞ்சல்காரனின் மணி கேட்டது. நஜ்முதீன் கவரின் ஓரத்தை நாக்கால் நன்றாக நனைத்து, அழுத்தி ஒட்டி, வாசலுக்கே போய்ச் சிலுவையிடம் கொடுத்தார். சிலுவை கவரைப் புரட்டிப் பார்த்தான். இன்னொரு முறையும் பார்த்தான். பைக்குள் போட்டு வாரை இழுத்துக் கட்டினான்.

"அண்ணே, அதத் திருப்பித் தாருங்கோ," என்று மெஹ்ருன்னிசா உள்ளிருந்து கெஞ்சினாள்.

"பையில விழுந்தா மகாராஜாவுக்க சொத்தாக்கும் மக்கா."

நாலடி போனவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"மொதலாளி, நீங்க நாக்கால ஒட்டுத கவருல எப்பவும் ரத்தக்கறை இருக்கும். இன்னிக்கு வெள்ளவெளேர்னு இருக்கு. டாக்டரு சொன்ன கொய்யாக்காய ஒழுங்காத் தின்னுதிய, என்ன?"