நானூற்று எண்பது ஒப்பமும் ஒரு நாயும்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், அசைபட (அனிமேஷன்) நிலையத்தில் காலியாக உள்ள ஒரே ஒரு பயிற்சி இடத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் படைப்புத் தொகுப்பை முழுக்க முழுக்க டிஜிட்டல் முறையில் அனுப்ப வேண்டும். காகிதம் அறவே ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது. தொகுப்பின் ஒவ்வொரு பக்கமும் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரால் மையினால் சான்றொப்பமிடப்பட்டிருக்க வேண்டும்.

இந்த அறிவிப்பைப் பென்சில் மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அது மாறவில்லை.

பென்சில் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும்; அதைத் தேடித்தான் வீட்டையே தலைகீழாகப் புரட்டுவாள். அனிமேஷன் படிப்பில் கடைசி வருஷம். முதல் வருஷம் அனிமேஷன் வரலாறு. வரலாற்று ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் நோட்ஸ் சொல்வார்: "கீறல் வைத்த வட்டத் தட்டைச் சுழற்றிக் கீறல் வழியாகக் கண்ணாடியில் பார்த்தால், அதில் வரைந்த குதிரை ஓடும். கமா. இது கண்ணின் மயக்கம். முற்றுப்புள்ளி." ஒரு நாள் பென்சில் அட்டையில் அப்படி ஒரு தட்டை வெட்டிக்கொண்டு வந்து சுழற்றிக் காட்டினாள். குதிரை ஓடத்தான் செய்தது. ஆசிரியர் பதறிப்போய், "அதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா, உக்காரு" என்றார்.

கடைசி வருஷம் போர்ட்ஃபோலியோ வடிவமைப்பு. அந்த ஆசிரியை ரொம்ப நவீனம். "பாக்கறவங்க கண்ணு மூச்சு விடணும்" என்பார். பக்கத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு வெள்ளையாக இருக்க வேண்டும். பெயரை வெளிர்சாம்பலில் எறும்பு அளவுக்கு மூலையில் ஒதுக்கிவிட வேண்டும். வகுப்பில் ஒருவன் அவசரத்தில் வெறும் வெள்ளைப் பக்கங்களையே அனுப்பிவிட்டான். முதல் மதிப்பெண் அவனுக்குத்தான். அது தப்பு நடந்த கதை என்பதை அவன் இன்றுவரை வாய் திறந்து சொல்லவில்லை.

இவற்றுக்கு நடுவே யாரும் சொல்லிக்கொடுக்காமல் பென்சில் ஒரு நாயை வரைந்தாள். வாசலில் படுத்திருக்கும் நாய். காலடிச் சத்தம் கேட்டு எழுந்து போகும். யாரும் இல்லை என்று பார்க்கும். திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். இருபது நொடி, அவ்வளவுதான். ஒரு நொடிக்கு இருபத்து நாலு படம். பதினோரு மாசம் வரைந்தாள். நாய்க்கு நடை வர வேண்டுமென்று பிரிண்ட் கடையில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் கூடத்தில் நாலு காலில் நடந்து காட்டினான். முட்டி இரண்டும் தேய்ந்துபோயிற்று.

"படத்துல என் பேரைப் போடணும் சொல்லிட்டேன்."

"நாய்னா?"

"நடிகர்னு போடுடி."

இடம் கிடைத்தால் சாய்வு மேசை, விளக்கு, இரண்டு வருஷம் யாரும் ஏன் என்று கேட்காமல் வரைந்துகொண்டிருக்கலாம். கிடைக்காவிட்டால் சித்தப்பாவின் டைல்ஸ் கடை. வருகிறவர்களிடம் "பாத்ரூமுக்கா, ஹாலுக்கா?" என்று கேட்க ஆள் வேண்டும் என்று அவர் நாலு மாசமாக ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார். தங்கமான மனுஷன்; அதனால்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

நிலையத்தின் விசாரணை ஜன்னலில் எழுத்தர் ஒருவர் இருந்தார்.

"சார், என் படைப்பு பக்கம் இல்ல. ஓடற படம்."

"ஓடறதை நிறுத்தி, ஒண்ணொண்ணா பிரிண்ட் எடுத்துக்கம்மா."

"நானூத்தி எண்பது வரும் சார்."

எழுத்தர் இரக்கமுள்ளவர். கொஞ்சம் யோசித்தார். "எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கும்? ஒண்ணுக்கு மட்டும் ஒப்பம் வாங்கிடேன்."

"இல்ல சார். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் வேற."

"வேறயா? அப்ப நானூத்தி எண்பதுக்கும் வேணும்."

"பிரிண்ட் எடுத்தா அது காகிதமாச்சே சார்? காகிதம் ஏத்துக்க மாட்டோம்னு போட்டிருக்கே?"

"நாங்க ஏன் ஏத்துக்கறோம்? ஒப்பம் வாங்கி, ஸ்கேன் பண்ணி, டிஜிட்டலா அனுப்பிடு. காகிதத்தை நீயே வச்சுக்கோ." அவர் குரலில் ஒரு பெருந்தன்மை இருந்தது.

தகுதிவாய்ந்த அதிகாரிகள் ஊரில் நாலு பேர். ஒருவர் விடுப்பில் இருந்தார். ஒருவர் பயிற்சியில் இருந்தார். மூன்றாமவர் அந்த இரண்டு பேர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பதால் தன் வேலையைப் பார்க்க முடியாத நிலையில் இருந்தார். மிச்சம் இருந்தவர் அரசுக் கால்நடை மருத்துவர்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நீளமாக ஒரு பெஞ்சு. பூனைக்கூடை வைத்திருந்த அம்மாளுக்கும் ஆட்டைப் பிடித்திருந்த பெரியவருக்கும் நடுவில் பென்சில் தன் காகிதக் கட்டோடு உட்கார்ந்தாள். முறை வந்ததும் டாக்டர் கட்டை வாங்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் விர்ரென்று தள்ளினார். நாய் எழுந்து நடந்தது. டாக்டர் முகம் சுருங்கியது. இன்னொரு தடவை தள்ளினார்.

"என்னம்மா இது?"

"நாய் டாக்டர்."

"கணுக்கால் எங்க? நாய்க்குப் பின்னங்கால்ல கணு பாதி உயரத்துல இருக்கும். இது முட்டி போட்டில்ல நடக்குது! மனுஷன் தவழற மாதிரி இருக்கு."

"எங்கண்ணன்தான் டாக்டர், நடந்து காட்டினான்."

"உங்கண்ணனுக்கு நான் ஒப்பம் போட முடியாது. அவருக்கு வேற டாக்டர்."

"நகல் சரின்னு மட்டும் போட்டாப் போதும் டாக்டர். நாய் சரியான்னு அவங்க கேக்கல."

"இன்னைக்குக் கேக்க மாட்டாங்க. நாளைக்கு எவனாவது கேப்பான். கால்நடை டாக்டர் ஒருத்தர் இந்த நாயைப் பாத்துட்டு, சரின்னு கையெழுத்துப் போட்டிருக்காரேம்பான். என் மானம் போகும்." வழக்கம்போல மருந்துச்சீட்டை இழுத்து எழுதினார்: 'நடக்க விட வேண்டாம். பதினைந்து நாள் கழித்துக் காட்டவும்.'

அவள் சீட்டோடு வெளியே வந்து பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகை நின்றதும் எதிரே பார்த்தாள். நாய்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நொண்டுகிற நாய், தரதரவென்று இழுக்கப்படுகிற நாய், ஊசியைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே நடக்கிற நாய். கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். பதினைந்து நாளும் அந்தப் பெஞ்சைவிட்டு அசையாமல் நாயின் கால்களை மட்டும் படம் படமாகத் திருத்தினாள். பதினாறாம் நாள் வீட்டில் படத்தை ஓட்டியபோது நாய் நாயாகவே எழுந்து, நாயாகவே ஏமாந்து, நாயாகவே திரும்பி வந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. அண்ணன்கூட, "என்னைவிட நல்லா நடக்குதுடி" என்று ஒத்துக்கொண்டான்.

புதிதாகப் பிரிண்ட் எடுத்த கட்டை டாக்டர் விர்ரென்று தள்ளிப் பார்த்தார். பேனாவை எடுத்தார். அதுவே பெரிய பாராட்டு.

முதல் பக்கத்தில் முழுப்பெயர், தகப்பனார் பெயர், பட்டம், பதவி, கீழே ஒரு சுழி, பக்கத்தில் ஊதா முத்திரை. அறுபதாவது பக்கத்தில் பட்டம் உதிர்ந்தது. நூற்றைம்பதில் தகப்பனார் போனார். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு மாடு கன்று போட முடியாமல் தவிப்பதாக ஆள் வந்து கத்த, கையெழுத்து ஒரு துள்ளுத் துள்ளியது. திரும்பி வந்தபின் கொஞ்ச தூரம் நடுக்கம். முந்நூறுக்கு மேல் பெயர் என்பது ஒரு கோடு. நானூறுக்கு மேல் அந்தக் கோடு சரிய, முத்திரையும் கூடவே சாய்ந்தது. நானூற்று எண்பதாவது பக்கத்தில் ஒரு புள்ளி. புள்ளி வைத்த இடத்திலேயே டாக்டர் மேசையில் தலையைச் சாய்த்தார்.

அண்ணன் கடையில் ஸ்கேன் பண்ணினான். இணையதளத்தில் இன்னொரு விதி இருந்தது: எல்லாப் பக்கமும் சேர்ந்து இரண்டு எம்பிக்கு மேல் போகக் கூடாது. அண்ணன் கோப்பைச் சுருக்கினான். போதவில்லை. இன்னும் சுருக்கினான். மெல்லிய பென்சில் கோடெல்லாம் கரைந்துகொண்டே போயிற்று. கையெழுத்தும் ஊதா முத்திரையும் மட்டும் பளிச்சென்று நின்றன. கடைசித் தேதி அன்றுதான். வேறு வழியில்லாமல் அனுப்பிவிட்டார்கள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. தேர்வுக் குழுத் தலைவருக்குக் கண்ணில் ஒரு மூக்குக்கண்ணாடி, கழுத்தில் தொங்க இன்னொன்று. விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டினார்கள். வெள்ளைத் திரையில் ஒரு பெயர் நிமிர்ந்து நின்றது; நின்றபடியே பட்டத்தை இழந்தது, தகப்பனை இழந்தது, துள்ளியது, நடுங்கியது, கோடாகச் சாய்ந்து புள்ளியாக முடிந்தது. விளக்கைப் போட்டபோது தலைவர் இரண்டு கண்ணாடிகளையும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதிகாரம் தேயறதை இவ்வளவு துணிச்சலா யாரும் காட்டினதில்லை" என்றார். "மனுஷப் பெயரோட மரணம். அதுவும் இவ்வளவு வெற்றிடம் விட்டு!"

பென்சில் திடுக்கிட்டு எழுந்தாள். "சார், அது சான்றொப்பம். என் படம் பின்னால இருக்கு. நாய்."

"பின்னால ஏதோ அழுக்கு மாதிரி அசைஞ்சுதே, அதுவா?"

"ஆமா சார்."

"பரவால்ல, விடும்மா. அதனால படத்துக்குக் கெடுதல் ஒண்ணும் இல்ல."

அப்போதுதான் குழுவின் செயலராக உட்கார்ந்திருந்த அதே எழுத்தர் தொண்டையைச் செருமினார். "ஐயா, நடைமுறையில ஒரு சிக்கல். கையெழுத்து இந்தப் பொண்ணு போட்டதுன்னா அது போலி ஒப்பம், போலீஸ் விவகாரம். டாக்டர் போட்டதுன்னா படைப்பு டாக்டரோடது. இடத்தை அவருக்குத்தான் குடுக்கணும்."

"நாய் என்னோடது சார்!"

"நாயைப் பத்தி யாரும் எதுவும் சொல்லலையேம்மா."

ஒரு மணி நேரம் ஆலோசித்தார்கள். ஆலோசனையின் பலனாக ஓர் உறுதிமொழிப் பத்திரம் பிறந்தது: 'மேற்படி கையெழுத்து மருத்துவருடையது. மேற்படி களைப்பு விண்ணப்பதாரரின் ஏற்பாடு. பின்புலத்தில் விலங்கு போல் தென்படுவது தற்செயலானது.' கீழே அவள் ஒப்பமிட்டால் இடம் அவளுக்கு.

கடைசி வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். பதினோரு மாசமும் பதினைந்து நாளும் தற்செயல். அந்த வரியை அடித்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. "பாத்ரூமுக்கா, ஹாலுக்கா?" என்று தன் குரலே காதில் கேட்டது. போட்டுவிட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது.

சாய்வு மேசை கிடைத்தது. விளக்கும் கிடைத்தது. முதல் வேலையாக அவளுடைய படத்தையே கொடுத்தார்கள். கண்காட்சிக்குப் போகிறது, அழுக்கை எடுத்துத் தரவேண்டும். நானூற்று எண்பது படத்திலும் நாயை அவளே அழித்தாள். முதல் நூறு வரை கண்ணீர் வந்தது. அப்புறம் கை பழகிவிட்டது. ஒரு முடிகூட மிச்சமில்லாமல் எடுத்திருக்கிறாள் என்று தலைவர் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

கடைசியாக ஒரு தாள் பாக்கி. விண்ணப்பத்தில் 'நாய்' என்ற சொல் இருந்ததால், படத்தில் எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று கால்நடை மருத்துவர் சான்று தரவேண்டும். சான்றைப் படத்தின் தொடக்கத்தில் காட்ட வேண்டும் என்பது விதி. படத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது தலைவர் உத்தரவு. பென்சில் தாளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இப்போது பெஞ்சில் உட்காரவில்லை. நிலையத்து ஊழியர் என்று சொல்லி நேரே உள்ளே போனாள்.

டாக்டர் படத்தை அவள் கைப்பேசியில் பார்த்தார்.

"நாய் எங்கம்மா?"

"எடுத்தாச்சு டாக்டர்."

தாளில் 'துன்புறுத்தப்பட்டதா?' என்று ஒரு கட்டம் இருந்தது. டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தாள். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்காட்சிச் செய்தி பரவியதிலிருந்து அவர் புதுப் பேனா வாங்கியிருந்தார். முழுப்பெயர், தகப்பனார், பட்டம், சுழி எல்லாம் கல்வெட்டு மாதிரி விழுந்தன.

பென்சில் உதட்டைப் பிதுக்கினாள். "ரொம்பத் தெளிவா இருக்கு டாக்டர். இதைத் தலைவர் ஒத்துக்க மாட்டார். கொஞ்சம் களைப்பாப் போடுங்களேன்."

"எவ்வளவு களைப்பு வேணும்?"

"ஒரு முந்நூறாவது பக்கம் அளவுக்கு."

டாக்டர் இன்னொரு தாளில் போட்டார். களைப்பு வரவில்லை. எழுந்து அறையை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து போட்டார். மூச்சு வாங்கியதே தவிரக் கையெழுத்து நிமிர்ந்தே நின்றது. கண்ணை மூடிப் போட்டார், இடது கையால் போட்டார். அவளும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, "இது நடிப்பு மாதிரி இருக்கு டாக்டர்" என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். மேசை முழுக்கத் தாள் நிரம்பிவிட்டது.

விடிந்ததிலிருந்து வாசல் பெஞ்சில் வயிறு உப்பிய ஆட்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் மெல்ல எழுந்து, கதவோரம் வந்து நின்றார்.

"களைப்புதானே சார் வேணும்? கொண்டாங்க, நான் போடறேன்."