டியூபா விஷயமாகச் செயலாளர் அத்தானுக்கு

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு காதுகள் நீங்கலாக அனைவரும் நலம். தாங்கள் நலம் என்பதை, காலையில் எதிர்க் கட்டடத்துப் பால்கனியில் பல் துலக்கிக்கொண்டு நின்றபோதே கண்டுகொண்டேன். கூப்பிடு தூரத்தில் இருப்பவருக்குக் கடிதம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறாள். புகார் எழுத்தில் வேண்டும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் தாங்கள் சொல்லிவிட்ட பிறகு நான் கூவ முடியுமா? கீழ்த்தளக் கூடத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் இலவச இசை வகுப்பை நிறுத்திவிட்டு, அந்த இடத்தை உடற்பயிற்சிக் கூடத்துக்கு விடுவதென்று சனிக்கிழமைக் கூட்டத்தில் தாங்கள் கொண்டுவரும் தீர்மானத்துக்கு ஆதரவாக, பாதிக்கப்பட்ட தகப்பன் ஒருவனின் வாக்குமூலம் இது. உரக்கப் படிக்கலாம்.

என் மகனைத் தாங்கள் அறிவீர்கள். பதினைந்து வயது. இரண்டு வருடமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் ஒரு தொந்தரவும் தராமல், பசித்தால் அடுத்த அறையிலிருக்கும் தாயாருக்குக் கைபேசியில் செய்தி அனுப்பி, மரியாதையாக வாழ்ந்து வந்தான். அவனை அவன் அம்மாதான் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கிட்டார் கேட்டான். மற்றவர்கள் முந்திக்கொண்டதால் டியூபா கிடைத்தது. பித்தளைக் குழாய் ஒன்றை மலைப்பாம்பு மாதிரிச் சுருட்டி, முனையில் ஒரு அண்டாவைப் பற்றவைத்தால் அதுதான் டியூபா. ஊதுகிறவன் அதன் பின்னால் எங்கோ இருப்பான் என்று நாமாக நம்பிக்கொள்ள வேண்டும். கற்றுத்தருபவர் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு பெண். வாரநாட்களில் எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்கிறவர், ஞாயிற்றுக்கிழமை குவிக்கச் சொல்கிறார்.

வாத்தியத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகலாம் என்று அந்த அம்மாள் தாராளமாகச் சொன்னது என் தலையில் விடிந்தது. லிஃப்டில் டியூபா ஏறினால் ஆள் ஏற முடியாது, ஆள் ஏறினால் டியூபா ஏறாது. ஆகவே படி. படி வளைவில் அதைத் திருப்ப இன்னொருவர் கை வேண்டும். கை வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். இப்படித்தான் அத்தான், என் மகன் பேச ஆரம்பித்தான். மாடிக்கு மாடி ஒருவரைப் பிடித்து, உதவி கேட்டு, நன்றி சொல்லி, நலம் விசாரித்து, கட்டடம் முழுக்க உறவு கொண்டாடிவிட்டான். இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் என்னை நிறுத்தி, "உங்க பையன் நேத்து என்கிட்ட சாப்டீங்களான்னு கேட்டான் சார். வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்கிறார்.

டியூபா அவன் அறைக்குள் நுழையவில்லை. கூடத்தில் டிவி இருந்த இடத்தில் அது குடியேற, அதன் பின்னாலேயே அவனும் கூடத்துக்கு வந்துவிட்டான். டிவி பரண்மேல் போயிற்று. முதல் வாரம், கீழ்வீட்டுத் தையற்காரர் துடைப்பக்கட்டையால் தம் வீட்டுக் கூரையை இடித்தார். அப்பாடா, நமக்கும் ஒரு துணை கிடைத்தது என்று மகிழ்ந்தேன். மன்னிப்புக் கேட்கக் கீழே போன பையன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, "அண்ணன் தட்டுறது நல்லாதான்பா இருக்கு. கொஞ்சம் அவசரப்படுறாரு, அவ்வளவுதான்" என்றான். மறுநாளிலிருந்து தையற்காரர் அவசரப்படாமல் தட்டுகிறார். ஒரு நாள் ஊதாவிட்டால் மேலே ஏறி வந்து, "தம்பிக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்கிறார்.

இதெல்லாம் போகட்டும் அத்தான், பொறுத்துக்கொள்ளலாம். ஆனா வீட்ல எனக்கே வாய்ப்பூட்டு போட்டுட்டான், அதைத்தான் தாங்க முடியல. குழுவா வாசிக்கும்போது, தன் இடம் வர்ற வரைக்கும் மத்தவங்க வாசிக்கிறதைக் கேட்டுக்கிட்டே இருக்கணுமாம். டியூபாக்காரனுக்குப் பாதி வேலையே அதுதானாம். அதை அப்படியே சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்துட்டான். அன்றைக்கு அவன் அம்மா அலுவலகத்து விஷயம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணமான நாளாக அவள் தொடங்கும் வாக்கியங்களை முடித்துவைப்பது நான்தான். அன்றும் முடிக்கப் போனேன்.

"அப்பா, அம்மா இன்னும் முடிக்கல. உங்க இடம் அப்புறம் வரும்."

"எப்படா வரும்?"

"கேட்டுக்கிட்டே இருங்க, தெரியும்."

கேட்டுக்கொண்டே இருந்தேன். என் இடம் வரவே இல்லை. அவளுக்கும் அவள் மேலதிகாரிக்கும் ஆகாது என்பதும், வேலையை விட்டுவிடலாமா என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. ஒரு மனிதன் தன் வீட்டில் ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருக்கக்கூடாதா?

ஆகவே வகுப்பை நிறுத்திவிடுங்கள். உடற்பயிற்சிக் கூடம் வந்தால் பிள்ளைகள் ஆளுக்கொரு யந்திரத்தில் ஏறி, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவன் யாரென்று பாராமல், நின்ற இடத்திலேயே ஓடுவார்கள். அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அக்காவுக்கு என் அன்பு. என் அருமை மருமகள் எல்லாத் தேர்விலும் வென்று, நூறாண்டு காலம் சத்தமில்லாமல் வாழ்க.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் வீட்டில் வாங்கிப் படித்தாள். "எல்லாம் உண்மைதான். புகார் எந்தப் பத்தியில இருக்கு?" என்றாள். நானும் தேடிப் பார்த்தேன். அதற்குள் பையன் வந்து நின்று, "சனிக்கிழமையோட நிறுத்திடுவாங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த இரண்டு வருடத்தில் அவன் என்னிடம் ஒன்றைக் கேட்டுப் பதிலுக்காக நின்றது அதுதான் முதல் தடவை. "எவன் நிறுத்துறான், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். எவன் என்றது தங்களைத்தான். மன்னிக்கவும். கடிதத்தைக் கூட்டத்தில் படிக்க வேண்டாம். வகுப்பு வேண்டும் என்று நானே வந்து கை தூக்குகிறேன். மேனேஜரும் தையற்காரரும் கூடவே வருகிறார்கள். அக்காவும் எங்கள் பக்கம்தான். மருமகளை வகுப்பில் சேர்த்து நேற்றே கையெழுத்தும் போட்டுவிட்டு, தங்களிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழந்தைக்குப் பெரிய முரசு கொடுத்திருக்கிறார்கள். இன்று மாலை நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு வருகிறோம். வாசலில் இருக்கும் செருப்பு அலமாரியை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைக்கவும்.