ஆவி டீச்சர் பெய்வித்த மழை

வெண்ணந்தூர்ப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆவியை நேரில் பார்க்காமல் ஆறாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. காரணம், எங்கள் அறிவியல் டீச்சர். தண்ணீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகிற பாடத்தைப் புத்தகம் திறக்காமல் நடத்துவது அவர் விரதம். பிள்ளைகள் வைத்த பெயர் ஆவி டீச்சர். தமிழ் வாத்தியாரான நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், அவர் முதுகுக்குப் பின்னால்.

மரம் விடும் மூச்சிலும் தண்ணீர் உண்டு என்று காட்ட, ஒருநாள் வாசல் வேப்பங்கிளையில் பாலிதீன் பையை இறுக்கிக் கட்டினார். சாயங்காலம் பைக்குள் தண்ணீர் கோத்திருந்தது. மறுநாள் காலையில் மரத்தடியில் எலுமிச்சம்பழமும் குங்குமமும் இருந்தன. செய்வினை என்று பயந்து யாரோ பரிகாரம் செய்திருக்கிறார்கள். டீச்சர் அந்தப் பழத்தைப் பிழிந்து ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் சர்பத் போட்டார்.

"குடிங்க சார், வெய்யலுக்கு நல்லதுங்க."

நான் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

அடுத்து இட்லிக் குண்டா வகுப்புக்கு வந்தது. அன்று ஒரு சிறுமி வீட்டில் போய், "டீச்சர் ஆவியக் குண்டாவுல போட்டு மூடி வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் முதல் மணி அடித்ததும் பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம். முன்னால் வேப்பிலையோடு கோயில் பூசாரி. பிள்ளைகளின் டி.சி.யைக் கொடுங்கள் என்றார்கள். தலைமையாசிரியருக்கு வேர்த்துவிட்டது. இருக்கிற கொஞ்சம் பிள்ளைகளும் போனால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுதான்.

"ஏனுங்க டீச்சர், ஆவியப் புடிச்சு வெச்சிருக்கீங்களாமா?" என்றார் பூசாரி.

"ஆமாங்க. உள்ள வாங்க, காட்டறேன்."

வகுப்பில் பிள்ளைகள் சுற்றி நிற்க, அடுப்பில் குண்டா கொதித்தது. "இதுதானுங்க கடலு. மூடி வானம். நீங்களே தெறங்க."

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு மூடியைத் தூக்கினார். குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. பின்னால் நின்றவர்கள் வாசலுக்கே ஓடினார்கள். பூசாரி பதறி மூடியைச் சாய்க்க, அதில் கோத்திருந்த நீர் அவர் காலில் சொட்டியது.

"இதென்னுங்க, எங்கூட்டுக் குண்டாவுலயும் இப்படித்தானுங்களே சொட்டுது?"

"அதேதானுங்க சாமி. மேல போன ஆவி குளுந்து மறுக்கா தண்ணியா வந்துருச்சு. இப்ப மழ பெஞ்சுதுங்க."

"மழ பெஞ்சா லீவுங்களே டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. டி.சி. கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார்கள். அதன்பிறகு மழை எப்போது வரும் என்று கேட்பவர்களிடம் பூசாரி, "மேகம் இன்னுங் கொஞ்சம் குளுரோணுமுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

டீச்சர் இப்போது மாற்றலாகி எடப்பாடிப் பக்கம் போய்விட்டார். போன வாரம் மத்தியானம் நல்ல மழை. ஸ்டாஃப் ரூமுக்குள் சாரல் அடித்து மேசையெல்லாம் நனைந்தது. ஜன்னலைச் சாத்த எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை.