மூன்றாவது கொட்டேஷன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர் நிறுவுவதென்று 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் தேதி, ஞாயிறு பூசை முடிந்து வந்து இட்லி சாப்பிட்ட பிறகு, ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அந்த ஒரு மனது என்னுடையது. என் கணவர் தேவசகாயம் அப்போது கை கழுவப் போயிருந்தார்.

காரணம் என் பேரன். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகள் இசைவாணிக்கு ஜூலையில் ஆண் பிள்ளை பிறந்தது. போய்ப் பார்க்க என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. விண்ணப்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் இந்த முகவரியில்தான் குடியிருக்கிறேனா என்று விசாரிக்க வந்தவர், நான் போட்டுக் கொடுத்த காப்பியை உட்கார்ந்து குடித்துவிட்டு, "வீட்டில் ஆளில்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்தது மாப்பிள்ளை. பத்தாம் மாதம், பத்தாம் தேதி, பத்தாம் வருஷம். அந்த வருஷம் உலகத்துக்கே அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. கல்யாணம், கடை திறப்பு, ஆப்பரேஷன் பண்ணிப் பிள்ளை பெறுவது எல்லாமே அன்றைக்குத்தான். மாப்பிள்ளை அதோடு விடவில்லை. பிள்ளையின் தலையில் சரியாகப் பத்து மணி பத்து நிமிஷம் பத்தாவது நொடியில் தண்ணீர் விழவேண்டும், அதுவும் நமக்கு மரியாதையாக இந்திய நேரப்படி, என்று அங்குள்ள ஃபாதரிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கிவிட்டார்.

அந்த ஒரு நொடியை நான் பெரிசாகப் பார்க்கவேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. உள்ளங்கை அளவு போனில் எதையோ ஆட்டிக் காட்டி "இதான் பாட்டி உங்க பேரன்" என்றால் ஒத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

மறுநாளே திருப்பாப்புலியூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அஷ்பாக்கிடம் போனோம்.

"அக்கா, இதுல பெரிய வித்த ஒண்ணும் இல்ல" என்றான். "சத்தம் போடாத சின்ன டப்பாவா ஒண்ணு. ஃபேன் உறுமுச்சின்னா கூடத்துல உக்கார முடியாது. அதுலேருந்து டி.வி.க்கு எச்.டி.எம்.ஐ. வயரு ஒண்ணு, படமும் சத்தமும் அதுலயே போயிடும். சோபாவுல உக்காந்து தட்ட வயர் இல்லாத கீபோர்டு. வெப்கேமு. கரண்டு கட்டுக்கு ஒரு யு.பி.எஸ். அவ்ளோதான்."

"ஸ்பீக்கர்?"

"டி.வி.லயே இருக்கே. போதலன்னா அப்புறம் பாத்துக்கலாம். ஆரம்பத்துலயே எல்லாத்தையும் வாங்கிக் குமிக்காதீங்க. சாயங்காலமே வந்து மாட்டிடறேன்."

வாங்காதே என்று சொல்லும் கடைக்காரரை அன்றுதான் பார்த்தேன். பையிலிருந்து பர்ஸை எடுத்தேன்.

"சாயங்காலமேவா?" என்று பதறினார் என் கணவர். "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

என் கணவர் ஒரு அரசாங்க அலுவலகத்தில் சூப்பிரண்டு. எந்த அலுவலகம் என்று எழுதினால் அவருக்கு மெமோ வரும். அவருடைய முப்பத்தொரு வருஷ சர்வீசில், அவர் பிரிவில் வாங்கிய எந்தப் பொருளின் மீதும் தணிக்கையில் ஒரு கேள்வி வந்ததில்லை. எந்தப் பொருளும் வாங்கியதில்லை என்பது அதற்கு உதவியாக இருந்தது.

அன்று மாலை டப்பா வரவில்லை. ஒரு பழுப்பு அட்டைக் கோப்பு வந்தது. மேலே முத்து முத்தாக எழுதியிருந்தார்: "பொருள்: இல்லப் பயன்பாடு – ஹோம் தியேட்டர் கணினி – கொள்முதல் செய்தல் – தொடர்பாக. பார்வை: திருமதி ஃப்ளோரா அவர்களின் வாய்மொழிக் கோரிக்கை."

"வாய்மொழிக் கோரிக்கை செல்லாது, ஃப்ளோரா. எழுத்துல குடு."

"ஏங்க, சமையக்கட்டுல நின்னுட்டு இருக்கேன்."

"அவசரமில்ல. மூணு வேலை நாள் இருக்கு."

எழுதிக் கொடுத்தேன். கான்வென்டில் படித்தவள், அழகான கையெழுத்து. இரண்டு இடத்தில் திருத்தி, திரும்ப எழுதித் தரச் சொன்னார்.

அடுத்து, தொழில்நுட்ப வல்லுநர் ஒருவரின் கருத்துரை தேவைப்பட்டது. எங்கள் குடும்பத்தில் வல்லுநர் என் தங்கையின் புருஷன் அன்பரசு. சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பக்கத்தில் வீடு. ஊரிலேயே முதன்முதலாக ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டர் வைத்தவர் என்று அவரே சொல்லியிருக்கிறார். பஸ் ஏறிப் போய்ப் பார்வையிட்டோம்.

ஜன்னலை எல்லாம் அடைத்தார். ரிமோட்டு நான்கு. ஒன்றை அமுக்கினால் இன்னொன்று அணைந்தது. பதினோரு நிமிஷத்தில் படம் வந்தது. ஒரு இலை. இலையின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். சொட்டு விழுந்தது. டொய்ங்.

"கேட்டீங்களா அண்ணி? பின்னாடி சோபாவுக்கு அடியிலேருந்து வந்துச்சு பாத்தீங்களா?"

"வந்துச்சு. அப்புறம் என்ன ஆகுது?"

"என்ன ஆகுதுன்னா? அவ்ளோதான். திரும்பப் போடவா?"

"தம்பி, நீங்க இதுல படம் எதுவும் பாக்கறதில்லையா?"

"படமா?" அவர் முகம் வாடிவிட்டது. "அதுக்கு ரூம் இன்னும் ரெடியாகல அண்ணி. எதிரொலி ஜாஸ்தி."

என் தங்கை பின்னறையில் பழைய டி.வி.யில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் நல்ல நிம்மதி தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அன்பரசு அளவு டேப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சுவரை அளந்தார். சோபாவிலிருந்து என் காது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தார். கடைசியில் திருஇருதய ஆண்டவர் படத்தின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.

"அண்ணி, இவரைக் கொஞ்சம் மாத்தி வெக்கணும். சரவுண்டு ஸ்பீக்கர் வர்ற எடத்துல இருக்காரு."

"இந்த வீட்டுல சத்தம் போடாம இருக்கறது அவர் ஒருத்தர்தான். அவர் அங்கயே இருக்கட்டும்."

வல்லுநரின் கருத்துரை பதினான்கு பக்கம் வந்தது. அதில் கேட்டிருந்த ஸ்பீக்கர் மட்டும் எட்டு. அஷ்பாக் சொன்ன டப்பாவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. என் கணவர் அதைப் படிக்காமலே ஏற்று, கடைசியில் நாற்பத்தேழாவது அம்சமாகத் தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார்: "நோக்கம்: 10-10-10 அன்று காலை பேரனின் ஞானஸ்நானத்தைப் பெரிய திரையில் கண்டு களித்தல்."

செப்டம்பர் முடிந்துவிட்டது. இனிமேல்தான் கொட்டேஷன் வாங்கவேண்டும். மூன்று வேண்டும்.

அஷ்பாக் ஒன்று கொடுத்தான். அன்பரசுக்குத் தெரிந்த சிதம்பரம் கடை ஒன்று கொடுத்தது. அந்தத் தொகைக்கு எங்கள் வீட்டையே விற்றுவிடலாம். மூன்றாவதற்கு ஆளில்லை.

ஆபீஸ்களுக்குச் சாமான் போட்டுப் பழகிய அஷ்பாக் சொன்னான்: "அதுக்கென்ன சார், எப்பவும் பண்றதுதானே. தெரிஞ்சவரு லெட்டர்பேடுல நம்மளவிட ஜாஸ்தி வெல போட்டு வாங்கியாந்து வெச்சிடறேன். குறிஞ்சிப்பாடில கொளஞ்சி மாமா இருக்காரு. பந்தலு, சவுண்டு சர்வீஸ். பேடு குடுப்பாரு."

என் கணவர் காதில் விழாததுபோல் கூரையைப் பார்த்தார். அரசாங்கத்தில் அதற்குப் பெயர் ஒப்புதல்.

இங்கேதான் ஒரு அசம்பாவிதம் நடந்தது. கொளஞ்சியப்பனிடம் இதுவரை எத்தனையோ பேர் வெற்று லெட்டர்பேடு வாங்கிப் போயிருக்கிறார்கள். நிஜமாக விலை போடுங்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்த முறை அஷ்பாக் எடுத்துப்போன பதினான்கு பக்கமும் அவர் கையில் சிக்க, மனிதர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டார். நாற்பத்தேழாவது அம்சம் வரைக்கும். படித்துவிட்டு, அவரே நிரப்பி, தபாலில் நேராக என் கணவருக்கு அனுப்பிவிட்டார்.

"மேற்படி நோக்கத்துக்குப் பெரிய திரை, சவுண்டு, ஜெனரேட்டர், சேர், எல்லாம் ஒரு நாளைக்கு. டீ இலவசம்."

அஷ்பாக்கின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

என் கணவர் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டார். சிவப்பு மையில் வட்டமிட்டார்.

"ஏங்க, அவர் பந்தல்காரருங்க!"

"குறைஞ்ச வெல அவுருதுதான்."

"நாம கேட்டது கம்ப்யூட்டரு."

"நோக்கம் நிறைவேறுதா இல்லையா? குறைஞ்ச வெலய தள்ளிட்டு ஜாஸ்தி வெலைக்கு வாங்கினா ஆடிட்ல என்னா பதில் சொல்றது?"

"நம்ம கூடத்துக்கு எவன் வரான் ஆடிட்டுக்கு?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "இப்படி எல்லாரும் நெனைக்கறதாலதான், ஃப்ளோரா, நாடு இந்த நெலமைல கெடக்கு."

பத்தாம் தேதி விடிந்தது. ஏழு மணிக்கு எங்கள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பந்தல் நின்றது. நூற்றைம்பது சேர். லைட்டுக் கம்பத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். வீட்டை மறைத்து ஒரு வெள்ளைத் திரை. வாசலில் பிளக்ஸ் பேனரில் என் கணவரும் நானும் கைகூப்பிக்கொண்டிருந்தோம். நடுவில் நீலக் கண்ணோடு ஒரு பிள்ளை.

"கொளஞ்சியப்பன், யாருங்க அது?"

"பேரப்புள்ள போட்டா கெடைக்கலீங்கம்மா. நெட்டுல ஒரு வெள்ளக்காரப் புள்ளய எடுத்துப் போட்டுட்டேன். சிங்கப்பூருதானே, ஒத்துப் போவும்."

திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அஷ்பாக் உட்கார்ந்திருந்தான். சின்னதாக, சத்தம் போடாத ஒரு டப்பா. எச்.டி.எம்.ஐ. வயர், அதன் மறுமுனையில் ஒரு புரொஜெக்டர். வெப்கேம்.

"அக்கா, ஆகஸ்டுல சொன்னேனே, அதே டப்பாதான். மாமா இன்னிக்கு வாடகைக்கு எடுத்திருக்காரு."

பத்து மணிக்கு வழக்கம்போல் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் உறுமியது. சீரியல் மறுஒளிபரப்பு பறிபோன மொத்தத் தெருவும் வெளியே வந்து சேரில் உட்கார்ந்தது. யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. அன்பரசு குடும்பத்தோடு வந்து, திரைக்கு நேர் நடுவில் எந்த சேரில் சத்தம் சரியாக விழும் என்று காதைச் சாய்த்துத் தேடிக்கொண்டிருந்தார்.

பத்து நாலுக்கு என் மகளின் முகம் மாடி உயரத்துக்குத் திரையில் வந்தது. பின்னால் கோயில், மெழுகுவர்த்தி. அவள் தோளில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு மூட்டை.

"அம்மா, கேக்குதா?"

"கேக்குது. உனக்குக் கேக்குதா?"

"கேக்குதும்மா. அங்க கேக்குதா?"

"கேக்குதுடி!"

"கேக்குதாம்!" என்று கொளஞ்சியப்பன் மைக்கில் தெருவுக்கு அறிவித்தார்.

இப்படி நான்கு நிமிஷம் போயிற்று. பத்து எட்டு. ஃபாதர் அங்கியைச் சரிசெய்தார். அப்போதுதான் நான் அதைக் கவனித்தேன். திரையின் கீழ் மூலையில் ஒரு கட்டம். அதில் நாங்கள் இருந்தோம். நான் இருந்தேன். வாடாமல்லிக் கலர் பட்டுப்புடவை, இதற்கென்றே எடுத்தது. சிங்கப்பூரே பார்த்துக்கொண்டிருக்கிறது, கொசுவம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்ததுபோல் எனக்கு ஒரு சந்தேகம்.

"அன்பரசு தம்பி, அந்தக் கட்டத்தை ஒரு நிமிஷம் பெரிசாக்குங்க. பாத்துட்டு உடனே மாத்திடலாம்."

வல்லுநருக்கு ஆறு வாரம் கழித்துக் கிடைத்த முதல் வேலை. அஷ்பாக் கையிலிருந்த கீபோர்டை வாங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஞானஸ்நானம் மூலைக்குப் போய்விட்டது. எங்கள் தெரு திரை முழுக்க வந்தது.

"ஏய், நம்ம வீடுடா!"

"அந்தா பாரு, நான்!"

நூற்றைம்பது பேரும் எழுந்து கையாட்டினார்கள். திரையிலும் நூற்றைம்பது பேர் கையாட்டினார்கள். என் கணவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். நான் கொசுவத்தைச் சரிசெய்து, பக்கவாட்டில் திரும்பி, இந்த வயசுக்குப் பரவாயில்லை என்று நினைத்தேன்.

குழாய் ஸ்பீக்கரில் ஒரு பிள்ளை வீல் என்று அலறியது.

மணியைப் பார்த்தேன். பத்து பத்து, இருபது நொடி.

"தம்பி, மாத்துங்க! மாத்துங்க!"

மாற்றினார். ஃபாதர் பிள்ளையின் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். தெரு கைதட்டியது. கொளஞ்சியப்பன் டீ கொடுத்தார்.

மத்தியானம் இசைவாணி போன் செய்தாள்.

"அம்மா, பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா" என்றேன். "கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"நல்லவேளை, நீங்களாவது பாத்தீங்க. இங்க எல்லாரும் லேப்டாப்புல உங்க தெருவத்தான் பாத்துட்டு இருந்தாங்க. இவர் எடுத்த வீடியோ முழுக்க உங்க சேர்தான். ஃபாதரே அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சிட்டுத்தான் தண்ணிய ஊத்துனாரு."

போனை வைத்தேன். எதிரில் என் கணவர் கோப்போடு நின்றிருந்தார்.

"பணி நிறைவுச் சான்று. 'நோக்கம் திருப்திகரமாக நிறைவேறியது, ஞானஸ்நானத்தை நேரில் கண்ணுற்றேன்'னு ஒரு கையெழுத்துப் போடு. இல்லன்னா கொளஞ்சியப்பனுக்குப் பில்லு பாஸ் ஆகாது."

"நீங்க பாத்தீங்களா?"

அவர் கூரையைப் பார்த்தார்.

பேனாவை வாங்கினேன். என் பாஸ்போர்ட்டுக்கு விசாரணைக்கு வந்தவரின் நினைவு, காப்பியோடு சேர்ந்து, ஏனோ வந்தது. என் நல்ல கான்வென்ட் கையெழுத்தில் பெயரைப் போட்டு, அடியில் நேரத்தையும் குறித்தேன்.

காலை 10.10.10.