இரண்டு டீயும் ஒரு மசோதாவும்

மனசாட்சியைவிடப் பெரிய கட்சி இவ்வுலகில் கிடையாது. மேடைக்கு மேடை இதைச் சொல்லிவந்த உறுப்பினர், ஓட்டெடுப்பு நாளன்று காலையிலிருந்து அந்தப் பெரிய கட்சியிடம் ஒருநாள் லீவு கேட்டுக்கொண்டிருந்தார்.

மசோதா ஆளுங்கட்சியுடையது, அவரும் ஆளுங்கட்சிதான். முதலாளி எழுதிக் கொடுத்தால் மட்டுமே இனிச் சங்கத்துக்காரர்கள் ஆலைக்குள் கால் வைக்கலாம். உறுப்பினருடைய மனைவியின் அண்ணனோ பாட்டில் ஆலைச் சங்கத்துச் செயலாளர். போன வருஷம் உலை விரிசல் விட்டபோது உள்ளே புகுந்து சண்டை போட்டு அதை அணைக்க வைத்தவர். அங்கே பதினோரு பேருக்கு இன்றைக்கும் இரண்டு கை இருக்கிறதென்றால் அது அவரால்தான்.

"எதிர்த்துத்தான் போடுவேன், மச்சான்" என்று உறுப்பினர் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எதிர்த்தால் அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது என்று கட்சிக் கொறடா சொல்லியிருந்தார்.

இரண்டு பக்கமும் பொல்லாப்பு வேண்டாமென்று உறுப்பினர் பல்வலி என்று படுத்துக்கொண்டார். மனைவி நம்பிவிட்டாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் ஒரு வேனில் இருபது தொழிலாளிகளையும் ஒரு பல் டாக்டரையும் ஏற்றிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். டாக்டர் நல்ல பல் ஒன்றைப் பிடுங்கி, இனித் தாராளமாகச் சபைக்குப் போகலாம் என்றார்.

போனார். இருபது பேரும் மேலே பார்வையாளர் மாடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுங்கட்சிக்காரர் ஒருவரும் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரும் பேசிவைத்துக்கொண்டு, ஜோடியாக ஓட்டுப் போடாமல் இருந்துவிடலாம். ஒன்றுக்கு ஒன்று கழிந்துபோகும், யாருக்கும் நஷ்டமில்லை. உறுப்பினர், முழங்கால் வலியோடு படியேற யோசித்துக்கொண்டிருந்த ஒரு எதிர்க்கட்சிப் பெரியவரைப் பிடித்து ஜோடி பேசி, கேன்டீனுக்குக் கூட்டிப்போய் இரண்டு டீ சொன்னார்.

ஓட்டெடுப்பு மணி அடித்து ஓய்ந்தது. ஒரே ஒரு ஓட்டில் மசோதா நிறைவேறியது.

டீ கையிலிருக்கும்போதே அவருக்கு உறைத்தது. தான் எதிர்த்துப் போட வேண்டியவர். எதிரே டீயை ஊதிக்கொண்டிருக்கிற பெரியவரும் எதிர்த்துப் போட வேண்டியவர். இரண்டுமே ஒரே பக்கத்தில் கழிந்துவிட்டன.

மச்சான் மாடத்திலிருந்து இறங்கி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்த உறுப்பினருக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

"ரத்தம் நின்னுடுச்சா, மாப்ள?" என்று மட்டும் கேட்டார். இனி அவர் ஆலைக் கேட்டுக்கு வெளியே நின்றுதான் உலையைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

"என் ஒரு ஓட்டால என்ன ஆகியிருக்கும், மச்சான்? அவங்க எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்காங்க."

அந்த நேரம் பார்த்துக் கொறடாவின் குமாஸ்தா நன்றி சொல்ல வந்தார். வெள்ளந்தியான மனுஷர்.

"உங்களை எதிர்ப்பு வரிசையிலதான் சார் எழுதி வெச்சிருந்தோம். தோத்துடுவோம்னு மசோதாவை வாபஸ் வாங்க லெட்டர்கூட டைப் அடிச்சாச்சு. நீங்க ரெண்டு பேரும் இங்க டீ குடிக்கிறீங்கன்னு தெரிஞ்ச பிறகுதான் ஓட்டுக்கே விட்டோம்."