வட்டத்தூண்டில் ரீச்சர்

அரியாலையில் வட்டத்தூண்டில் ரீச்சரிடம் ஒருமுறையாவது ஏச்சு வாங்காத மனிதனும் இல்லை, மீனும் இல்லை. மனிதர்கள் வாயை மூடிக்கொண்டு தப்பிவிடுவார்கள். மீன்கள் பாவம், வாயைத் திறந்து மாட்டிக்கொள்ளும்.

பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பென்சன் எடுத்த கையோடு, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகி, தங்கூசி என்கிற நைலோன் நூலும் இரைக்கு இறால் பையுமாகக் கடனீரேரிக் கரைக்குப் போய் நின்றார். ஒரு பெண்பிள்ளை தூண்டில் போடுவதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ரீச்சர்தான் பின்னக்கணக்கு படிப்பித்தவர் என்பதால் முணுமுணுப்பு அதற்கு மேல் வளரவில்லை.

தொடக்கத்தில் அவரும் எல்லோரையும் போல நேர்முள்தான் போட்டார். நேரே இறங்கி, அடியில் வளைந்து, முனை மேலே பார்க்கும் சாதாரணத் தூண்டில். மீன் கடித்தவுடன் சுண்டி வெட்டி இழுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் இரையோடு முள்ளையும் சேர்த்து விழுங்கிவிடும். ஒருநாள் செம்பல்லிக் குஞ்சு ஒன்று அப்படி விழுங்கிவிட்டது. அதைத் திருப்பித் தண்ணீரில் விடலாம் என்று ரீச்சர் முள்ளைக் கழற்றப் பார்க்க, குஞ்சு அவர் கையிலேயே செத்துப்போனது. அன்றைக்கு ரீச்சர் சோறு தொடவில்லையாம். வீட்டிலிருந்த நேர்முள் அத்தனையையும் தகர ரின்னோடு குப்பைக் குழியில் தாட்டு மூடிவிட்டார்.

பிறகு கனடாவிலிருக்கும் அவருடைய தம்பி பார்சலில் வட்டத்தூண்டில் அனுப்பினார். முனை உள்ளே பார்த்து வளைந்து, கிட்டத்தட்ட மோதிரம் மாதிரி இருக்கும் சாமான். இதை வெட்டி இழுத்தால் மீன் வராது, முள் மட்டும் வழுகி வெளியே வந்துவிடும். பேசாமல் இருந்தால் மீன் இரையைக் கவ்விக்கொண்டு திரும்பும்போது முள் தன்பாட்டில் வந்து கடைவாயில் கொளுவும். வயிறு தப்பும். வேண்டாத மீனைக் கழற்றி விட்டால் அது தன் வழியே போய்விடும்.

அவ்வளவுதான், ரீச்சருக்குப் புதுச் சமயம் ஒன்று கிடைத்துவிட்டது. மனித குலம் முழுவதையும் இரண்டாகப் பிரித்தார். பஸ் நிற்கமுன் குதிக்கிறவன் நேர்முள். சங்கக்கடை வரிசையில் பொறுமையாக நிற்கிறவன் வட்டமுள். கேற்றடியில் நின்று விடாமல் கோர்ன் அடித்த ஓட்டோக்காரனை இறக்கி, உள்ளே கூப்பிட்டு, இருத்தி, தேத்தண்ணியும் கொடுத்து, அவன் ஏன் ஒரு நேர்முள் என்று விளங்கப்படுத்தினார். அவன் அதற்குப் பிறகு அந்த ஒழுங்கைக்குள் ஓட்டோவை உருட்டிக்கொண்டுதான் வந்தான் என்று சொல்வார்கள்.

ரீச்சருக்கு ஒரே மகள், சுகந்தி. அவளைப் பெண் பார்க்கத் தென்மராட்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்தபோது நடந்தது இன்றைக்கும் ஊர்க்கதை. பலகாரத்தட்டு வருமென்று காத்திருந்தவர்கள் முன்னால் ரீச்சர் பனங்கட்டி வரும் சின்ன ஓலைப்பெட்டியான வெறும் குட்டான் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் நேர்முள்ளைப் போட்டு நூலை மெல்ல இழுத்தார். முள் உள்ளே ஓலையில் குத்திக்கொண்டு நின்றது. "இது வயிறு" என்றார். பிறகு வட்டமுள்ளைப் போட்டு இழுத்தார். அது வழுகி வந்து குட்டானின் விளிம்பில் கொளுவியது. "இது வாய்" என்றார். செய்துகாட்டுவதற்கென்றே ஒரு நேர்முள்ளை எங்கேயோ இரவல் வாங்கி வைத்திருந்திருக்கிறார். மாப்பிள்ளையின் தாய்க்குக் குட்டானும் நூலும் முள்ளும் வேறு கதை சொல்லியிருக்கின்றன. இது செய்வினைதான் என்று முடிவு கட்டி, தேத்தண்ணி குடியாமலே எழும்பிப் போய், மகனுக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்ததாகக் கேள்வி.

அந்தத் தாய்க்கு நான் ஆயுள் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனென்றால் அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகம் ஒன்றில் சுகந்தியின் மேசைக்கு எதிர்மேசைக்காரன் நான். அவளைத்தான் கட்டுவது என்று நானும், என்னைத்தான் கட்டுவது என்று அவளும் தீர்மானித்து, அதை ரீச்சரிடம் யார் சொல்வது என்று தெரியாமல் கோப்புகளை மாறி மாறிப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் சுகந்தியே சொன்னாள். ரீச்சர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய என்னைத் துறையடிக்கு வரச் சொன்னாராம்.

எனக்கும் கடலுக்கும் வெகுதூரம். நான் உரும்பிராயான். வெங்காயத்தையும் பீற்றூட்டையும் தவிர வேறெதையும் பிடுங்கி அறியாத தோட்டக்காரக் குடும்பம். கீரிமலைக்குப் போனாலும் கேணிக்குள் இறங்கிக் குளித்துவிட்டு, பக்கத்திலிருக்கும் கடலைத் தூர நின்று பார்த்துவிட்டு வருகிற ஆட்கள். எல்லாவற்றுக்கும் மேலாக நாங்கள் பரம்பரைச் சைவம். மீன் வாசம் வந்தாலே என் அம்மா படலையைச் சாத்துவார்.

சுகந்தி என்னைத் தைரியப்படுத்தினாள். "சைவமெண்டதை மட்டும் இப்ப சொல்லிப் போடாதேங்கோ. மீன் சாப்பிடாத ஆக்களை அம்மா நம்பமாட்டா. நான் பிறகு ஆறுதலாச் சொல்லுறன்" என்றாள். தூண்டிலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வீட்டில் நாளும் பொழுதும் கேட்டுக் கேட்டு, அது உலகத்துக்கே தெரிந்த விசயம் என்று நினைத்துவிட்டாள்.

ஆகவே நான் போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். எல்லா வீடியோவிலும் ஒரு வெள்ளைக்காரன், மீன் கடித்ததும் முழுப் பலத்தோடு வெட்டி இழுத்தான். நானும் கொடிக்கயிற்றில் ஒரு பீற்றூட்டைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு வெட்டிப் பழகினேன். கை நன்றாகப் படிந்த நேரத்தில் பீற்றூட் பறந்து போய் மாட்டுக்கொட்டில் தகரத்தில் விழுந்தது. அம்மா வெளியே வந்து, "என்ன மோனை செய்யிறாய்?" என்று கேட்டார். தேகாப்பியாசம் என்றேன்.

ஞாயிறு விடிய, துறையடியில் ரீச்சரும் சுகந்தியும் நின்றார்கள். கூடவே, உடம்பெல்லாம் பொக்கற் வைத்த சட்டையோடு ரமேஷ். முள் அனுப்பிய கனடாத் தம்பியின் மகன், லீவில் வந்தவன். சுகந்திக்கு மச்சான் முறை. இவனையே கட்டி வைத்தால் என்ன என்று சொந்தத்துக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவனிடம் கார் வாங்குகிற விலைக்கு ஒரு தூண்டில்தடி இருந்தது. ரீச்சர் அதிலிருந்த நேர்முள்ளை அறுத்துவிட்டு வட்டமுள்ளைக் கட்டிக் கொடுத்தார்.

அந்தத் துறையடியில் பெரிய கொடுவா மீன் ஒன்று திரிகிறது என்று ரீச்சர் வருடக்கணக்காகச் சொல்லிவந்தவர். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அன்றைக்கு அதுதான் வந்திருக்க வேண்டும், ரமேஷின் தடி வில்லாக வளைந்தது. ரமேஷ் வெட்டினான் பாருங்கள் ஒரு வெட்டு! முள்ளும் இறாலும் தண்ணீரிலிருந்து பறந்துவந்து அவனுடைய தொப்பியில் குந்தின. "வெட்டாதையடா எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான்" என்றார் ரீச்சர். மறுபடியும் கடித்தது. மறுபடியும் வெட்டினான். ரீச்சர் அவனைப் பார்க்காமல் தூரத்தில் நின்ற கொக்கைப் பார்த்தார்.

பிறகு என் கையில் நூலைத் தந்தார். ரமேஷ் வாங்கிய ஏச்சுக் கண்முன்னே நடந்திருந்தும், என் தலைக்குள் வெள்ளைக்காரனும் பீற்றூட்டும் மட்டுமே இருந்தார்கள். கடித்தால் வெட்டுவது என்று கையைத் தயாராக வைத்திருந்தேன்.

கடித்தது. கடிப்பது என்றால் கொறிப்பது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது கடலே என் கையைப் பிடித்து வா என்று கூப்பிட்டது போல இருந்தது. நூல் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. வெட்டவும் தோன்றவில்லை, விடவும் தோன்றவில்லை, கத்தவும் தோன்றவில்லை. விறைத்துப்போய் நூலை இறுக்கிப் பிடித்தபடி மைல்கல் மாதிரி நின்றேன். சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். நூல் இறுகி, ஒரு பக்கம் திரும்பி, அப்படியே பாரமாக நின்றது.

"இனி மெல்ல எடும்" என்றார் ரீச்சர். கொக்கை விட்டுவிட்டு இப்போது நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையோரம் வந்தபோது பார்த்தால், கொடுவா. ஒரு சின்னப்பிள்ளை அளவு. ரீச்சர் சேலை நனைய முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி, அதன் வாயைத் திறந்து பார்த்தார். வட்டமுள் கடைவாயில் அழகாகக் கொளுவி நின்றது. எங்கே இப்படிப் பொறுமையாய்ப் பிடிக்கப் பழகினீர் என்று கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன்: "பயத்திலை கை வரேல்லை, ரீச்சர்." ரமேஷ் சிரித்தான். ரீச்சர் சிரிக்கவில்லை. பயந்தும் நூலை விடாமல் நின்றீர்தானே என்றார், அவ்வளவுதான்.

நான் மூச்சு விடுவதற்குள் அடுத்த குண்டு விழுந்தது. பிடித்தவனுக்குத்தான் தலை, அது தங்கள் வீட்டு வழக்கம், இன்றைக்கு மத்தியானம் தலைக்குழம்பு வைத்துத் தன் கையாலேயே எனக்குப் பரிமாறப்போவதாக ரீச்சர் சொன்னார். சுகந்தியின் முகம் வெளிறியது. தலையாட்டிவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவளுடைய கண் கெஞ்சியது. நான் அந்தக் கொடுவாவைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. அந்த மனுசிக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ரீச்சர், நான் சைவம்."

ரமேஷ் சிரித்த சிரிப்பில் துறையடிப் படியிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் போய்க் குந்தினான். ரீச்சர் மகளைப் பார்த்து, "உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். அவள் ஓம் என்று தலையைக் குனிந்தாள். எல்லாம் முடிந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. சொந்தத்தில் கனடா மாப்பிள்ளை இருக்க, தூண்டிலும் தெரியாத, மீனும் தின்னாத உரும்பிராயானுக்கு யார்தான் பெண் கொடுப்பார்கள்?

ரீச்சர் குனிந்து, முள்ளை ஒரு திருகு திருகிக் கழற்றினார். ரமேஷ் பதறிப்போய், ஒரு போட்டோவாவது எடுப்போம், இல்லாவிட்டால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்றான். நம்பாவிட்டால் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஆண்டாண்டாகத் தேடிய அந்த மீனை இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அது வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போனது.

"மருமோன் பிடிச்ச முதல் மீன்" என்றார், தண்ணீரைப் பார்த்தபடியே. "அது சாகக்கூடாது."

திரும்பும் வழியில் ஒரு கடையில் நின்று புதிய மண்சட்டி ஒன்று வாங்கினார். அன்று மத்தியானம் அதில் எனக்கென்று கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். உப்புக் கூடிப்போயிருந்தது. நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அந்தச் சட்டி இன்றைக்கும் அவருடைய குசினியில் தனிச் சுவர்த்தட்டில் இருக்கிறது. மீன்குழம்பு அகப்பையோடு யாராவது அந்தப் பக்கம் போனால், அது சுகந்தியாக இருந்தாலும் ஏச்சு விழும்.

அரியாலையில் இன்றுவரை அந்த மீன் கதையை ஒருவரும் நம்புவதில்லை. ரீச்சரும் நிரூபிக்கப் போவதில்லை. இப்படியொரு மனுசியை எனக்கு மாமியாகத் தந்த அந்தக் கொடுவா, கடைவாயில் ஒரு சின்னத் தழும்போடு, எங்கேயாவது சுகமாக இருக்கட்டும்.